முன்னால் எடுத்த படம்

ஈரத்தில் இறுகிப்போன முடிச்சு. நகத்தால் நெம்பிப் பார்த்தார், அசையவில்லை. பிணவறை மேசையில் கிடந்த தங்கையின் வலது கால் பூட்ஸ் கழன்றுவிட்டது. இடது காலோடுதான் அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"கத்தரி தரட்டுமா சார்?" என்றாள் நர்ஸ்.

"வேணாம்மா, அறுத்தா அவளுக்குப் பிடிக்காது."

சொன்ன பிறகுதான் அவருக்கே சந்தேகம் வந்தது. தங்கைக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று அவருக்கு என்ன தெரியும்? அவள் பூட்ஸ் போடுவாள் என்பதே இன்று காலைதான் தெரியும். கையை நீட்டிக் கத்தரியை வாங்கிக்கொண்டார்.

வெளியே மேசையில் இருந்த எழுத்தர் படிவத்தைத் திருப்பினார். "வயசு?"

"நாப்பத்தி அஞ்சு."

"என்ன வேலை பாத்தாங்க?"

"போட்டோ ஸ்டுடியோல..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். ஸ்டுடியோவை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. "இப்ப மலையில ஏதோ வேலை."

"ஏதோன்னா?"

"சரியாத் தெரியல சார்."

எழுத்தர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "கூடப் பிறந்த அண்ணன்தானே நீங்க? சரி, கூலின்னு போட்டுக்கறேன்."

"கூலி இல்ல." பின்னாலிருந்து ஒரு பெண் குரல். காக்கிச் சட்டை, முழங்கால் வரை சேறு. "பாதைப் பராமரிப்பு, புகைப்படப் பதிவு. ரெண்டையும் எழுதுங்க."

"கட்டம் சின்னது மேடம்."

"சின்ன எழுத்துல எழுதுங்க."

அவள்தான் மலைப்பாதையின் மேற்பார்வையாளர். காலையில் தொலைபேசியில் செய்தி சொன்னவளும் அவள்தான். உடலைத் தரப் பிற்பகல் மூன்று மணி ஆகும் என்றார்கள். அப்போது மணி பத்தரை.

"அவங்க பையெல்லாம் மேல கொட்டகையில இருக்கு. வர்றீங்களா சார்? இங்க நின்னு என்ன பண்ணப்போறீங்க?"

அவள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். மனைவி போனில் கூப்பிட்டாள். "என்னங்க, டாக்டர் என்ன சொன்னாரு? அவளுக்கு என்னதான் ஆச்சாம்?"

"மூச்சு வாங்குதுன்னு உக்காந்தாளாம். அவ்வளவுதான் சொல்றாங்க."

"நெஞ்சுல ஏதாவது கோளாறு இருந்துச்சா அவளுக்கு?"

முப்பது வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறார். தெருவில் யார் எதற்கு எந்த மாத்திரை போடுகிறார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். "தெரியலையே" என்று போனை வைத்தார்.

தங்கையோடு எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஸ்டுடியோவில் இருபத்திரண்டு வருஷம் பாஸ்போர்ட் படம் எடுத்தவள். தாடையைக் கொஞ்சம் தூக்குங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க. நாள் முழுக்க அதுதான். ஸ்டுடியோவை மூடியதும், வெளியில் நின்று செய்கிற வேலைதான் வேண்டும் என்றாள். நடைபாதை சரிசெய்கிற வேலை, அதிலேயே படமும் எடுக்க வேண்டும். அவர் சிரித்துவிட்டார். "ரெண்டும் சேந்த வேலைய உனக்குன்னு எவன் செஞ்சு வச்சிருக்கான்?" என்று கேட்டார். தெரிந்தவரைப் பிடித்துத் துணிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சொல்லி வைத்தார். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கிற வேலை. சேர வேண்டிய நாளன்று அவள் போகவில்லை. அவருக்கு மானம் போயிற்று. ஏதேதோ கத்தினார்.

"எப்படி உங்ககிட்ட வந்தா?" என்று கேட்டார்.

மேற்பார்வையாளர் கியரை மாற்றினாள். "ஒரு நாள் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னாங்க. ஒரு தோள்ல கேமரா, இன்னொரு தோள்ல மண்வெட்டி. சொந்த மண்வெட்டி சார்! ஆள் எடுக்கலைன்னு அனுப்பிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு கவர் வந்துது. உள்ள நாப்பத்திமூணு படம். பாதையில தண்ணி எங்கெங்க மண்ண அரிக்குது, எந்தப் படி பேந்திருக்குன்னு அடி அடியா எடுத்திருந்தாங்க. வருஷக்கணக்கா நான் அறிக்கை எழுதி அனுப்பினப்ப அசையாத மேலிடம், அந்தப் படங்களப் பாத்ததும் அசைஞ்சுது. அவங்களுக்குன்னே ஒரு வேலைய உண்டாக்கினாங்க."

அவர் தலையாட்டினார். புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. யாரோ ஒரு வேற்றுப் பெண்ணைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. அவருடைய தங்கை கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வருகிறவள்.

கொட்டகையில் கடப்பாரைகளுக்கும் கூடைகளுக்கும் நடுவே அவள் பை தொங்கியது. ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடுகிற ஐம்பது வயதுக்காரர் அதை எடுத்துக் கொடுத்தார். அவளோடு வேலை பார்த்தவர். அழுது முடித்த முகம்.

"நீ போ, லேசா மூச்சு வாங்குது, உக்காந்துட்டுப் பின்னாடி வர்றேன்னாங்க சார். வாய்க்கால்ல இலை அடைச்சிருந்துது, தள்ளிட்டு வர்றேன்னாங்க. நான் போயிட்டேன். திரும்பி வந்தப்ப சரிவுல சாஞ்சு உக்காந்திருந்தாங்க. படம் எடுக்கறாங்கன்னு நெனச்சேன்." அவர் கையை விரித்தார். "படம் எடுக்கும்போது பேசினா அவங்களுக்குக் கோவம் வரும். அதனால நானும் பேசாம நின்னேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல சார்."

அண்ணன் தன் போனை எடுத்தார். நேற்று மாலை, கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில், அவளிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் அழைப்பு. எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிடுவாள் என்று விட்டுவிட்டார். பிறகு ஒரு படம் மட்டும் வந்தது. இடிந்த மண், சேற்றுத் தண்ணீர், குறுக்கே ஒரு குச்சி. கை தவறி அனுப்பிவிட்டாள் என்று நினைத்தார்.

"இது என்ன? எதுக்கு எனக்கு அனுப்பினா?"

ஒல்லி போனைக் கண்ணருகே கொண்டுபோனார். "இது முன்னால எடுத்தது சார். வேலைக்கு முன்னால ஒண்ணு எடுப்பாங்க, பள்ளம் எவ்வளவுன்னு தெரிய குச்சி வச்சு. வேலை முடிஞ்சப்புறம் அதே இடத்துல நின்னு இன்னொண்ணு. ரெண்டாவது வரலையா?"

"வரல."

"அது எந்த இடம்?" மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தாள். "மூணாவது வளைவா?"

"அங்க பாறை இருக்கும்ல. இது அது இல்ல" என்றார் ஒல்லி.

இருவரும் மாறிமாறிப் பார்த்தார்கள். கடைசியில் ஒல்லி, "சரி பண்ணியாச்சுன்னா எங்களுக்கே அடையாளம் தெரியாது சார்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் என்ன சொல்லக் கூப்பிட்டாள்? பார், வேலை கிடைத்துவிட்டது என்றா? வந்து பாரேன் என்றா? மூச்சு வாங்குகிறது, ஏதாவது மாத்திரை இருக்கிறதா என்றா? எதை நினைத்தாலும் அதுவாகவே இருக்கும் போலிருந்தது.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையில் ஏறினார். யாரும் தடுக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் நின்று படத்தையும் தரையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லா இடமும் அதுபோலவே இருந்தது, எந்த இடமும் அதுவாக இல்லை. கல் படிகள், படிக்குப் பக்கத்தில் சின்ன வாய்க்கால், அதில் தெளிந்த தண்ணீர். இருபது நிமிஷத்தில் அவருக்கு இரைத்தது. நின்றார்.

மேலேயிருந்து ஒரு குடும்பம் இறங்கி வந்தது. கணவன், மனைவி, தோளில் தூங்கும் குழந்தை. அவர்கள் மலையையும் வானத்தையும் காட்டி ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள்.

"சார், கீழ போக இன்னும் ரொம்ப தூரமா?" என்று கேட்டான் கணவன்.

"தெரியலையே தம்பி. பாதை நல்லாத்தான் இருக்கு" என்றார்.

சரிவோடு ஒட்டி நின்று வழிவிட்டார். அவர்கள் பேசிக்கொண்டே கடந்து போனார்கள், காலடியில் இருந்த பாதையை ஒருமுறைகூடப் பார்க்காமல்.