ஏழாம் பாதையின் முறை

சுவரில் எரியும் பெரிய எண்ணைப் பார்த்துக்கொண்டேதான் அவள் சாப்பிடுவாள், பேசுவாள், தும்முவாள். அந்த எண் ஐம்பதாக இருக்க வேண்டும். நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரமும் செலவாகும் மின்சாரமும் அந்தந்த நொடியே சமமாக இருந்தால் ஐம்பது. செலவு மிஞ்சினால் எண் இறங்கும். குடத்தில் பிடித்து வைத்துப் பிறகு ஊற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. எண் கொஞ்சம் அசைந்தாலும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவாள் என்பதால் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு ‘ஐம்பது’ என்று பெயர். வயது நாற்பத்தொன்றுதான்.

பக்கத்து மேசையில் ‘மீசை’ அண்ணன். மின் நிலையங்களோடு பேசுவது அவர் வேலை. ஏசி குளிருக்குக் காதை மூடிய குல்லாய் போட்டிருப்பார். அதன்மேல் ரிசீவரை அழுத்திக்கொண்டு “என்னது? என்னது?” என்று கத்துவார்.

அன்று காலை பதினொன்று ஐந்துக்கு அனல் நிலையத்தில் ஓர் இயந்திரம் நின்றது. இருநூறு மெகாவாட் ஒரே மூச்சில் போயிற்று. சுவரில் 49.7. கண் சிமிட்டினால் 49.6.

“அண்ணே, தண்ணி!”

“சொல்லிட்டேன்மா. அணைக்காரன் மதகு திறக்கிறான். நாலு நிமிஷத்துல நூத்தியிருபது தர்றானாம்.”

“பாக்கி எண்பது?”

“எரிவாயு மெஷின் சூடாக இருபது நிமிஷம் கேக்குது. அதுவரைக்கும் எங்கயாவது வெட்டித்தான் ஆகணும்.”

எண் 49.2ஐத் தொட்டால் தானியங்கிக் கருவிகள் தாமாகவே வெட்டும். அவற்றுக்கு ஆஸ்பத்திரியும் தெரியாது, ரயிலும் தெரியாது. அதற்கு முன்னால் மனிதர்கள் வெட்டுவதற்கு ஒரு முறைப் பட்டியல் உண்டு; ஊரின் ஒவ்வொரு பகுதிக்கும் மின்சாரம் போகும் பாதைகளின் வரிசை அது. காலை நெருக்கடியில் மூன்றாம் பாதை இரண்டு மணி நேரம் மின்சாரமில்லாமல் கிடந்தது. அடுத்த முறை ஏழாம் பாதைக்கு.

அவளுடைய கைப்பையில் செல்போன் அடித்தது. தலைமை இயக்குநர். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் ‘பெரியவர்’. பின்னணியில் ஒலிபெருக்கி கேட்டது.

“ஏழைத் தொடாதே. அமைச்சர் இங்க மண்டபத்தைத் திறந்துட்டு இருக்கார். மூணை எடு.”

“மூணு காலையிலேயே போயிடுச்சுங்க ஐயா. அங்க தண்ணித் தொட்டியே இன்னும் ரொம்பல.”

“நான் சொல்றேன்ல?”

“சரிங்க ஐயா. சிவப்பு போன்ல சொல்லுங்க. செய்தி எண் தரேன்.”

சிவப்புத் தொலைபேசியில் பேசுவதெல்லாம் பதிவாகும். ஒவ்வொரு உத்தரவுக்கும் எண், நேரம், காரணம் வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அது உத்தரவல்ல, ஊர்க்கதை.

“என்னையே பதிவு பண்ணுவியா? நாளைக்கு அந்த நாற்காலில நீ இருக்க மாட்டே.”

போன் வைக்கப்பட்டது. 49.4.

அந்த நாற்காலிக்காக அவள் பதினோரு வருடம் துணை மின் நிலையங்களில் மாறி மாறி ஷிப்ட் பார்த்தவள். ஷிப்ட் பொறுப்பாளராக அதில் உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். பிதுங்கிய பஞ்சை உள்ளே தள்ளி அவளே தைத்து வைத்திருந்தாள். தையலை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு சிவப்புத் தொலைபேசியில் துணை மின் நிலையத்துப் பையனை அழைத்தாள்.

“செய்தி எண் நாப்பத்திரெண்டு. நேரம் பதினொண்ணு எட்டு. ஏழாம் பாதையை நிறுத்து. காரணம், உற்பத்திக் குறைவு. திருப்பிச் சொல்லு.”

“அக்கா… ஏழா? அங்க அமைச்சர்…”

“கேட்டதைச் சொல்லு தம்பி. கேக்காததைச் சொல்லாதே.”

அவன் விழுங்கி விழுங்கித் திருப்பிச் சொன்னான். சுவரில் 49.31. அங்கேயே நின்றது. பிறகு, மனமில்லாதவன் மாடிப்படி ஏறுவது போல ஏறத் தொடங்கியது. அணைத் தண்ணீரும் வந்து சேர்ந்தது.

மறுபடியும் செல்போன். இந்தத் தடவை அம்மா.

“கரெண்டு போச்சுடி!”

“தெரியும்மா. நான்தான் நிறுத்தினேன்.”

“ஏண்டி, ஊர்ல வேற வீடே இல்லையா உனக்கு? மாவு பாதி அரைஞ்சு நிக்குது. உன்னைப் பெத்ததுக்கு ஒரு அம்மியைப் பெத்திருக்கலாம்!”

“இருபது நிமிஷம்மா” என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு வைத்தாள்.

மண்டபம் இரண்டு தெரு தள்ளித்தான். கால்மணி நேரத்தில் பெரியவர் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். சட்டையில் விருந்தினர் ரோஜா தலைகீழாகத் தொங்கியது.

“மைக் அணைஞ்சுபோய் அமைச்சர் வாயை மட்டும் அசைச்சிட்டு நின்னார். தெரியுமா உனக்கு?” பிறகு மீசையின் பக்கம் திரும்பினார். “அவ நாற்காலில நீ உக்காருய்யா. மூணை எடுத்துட்டு ஏழைப் போடு.”

மீசை குல்லாயை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். “என்னது?”

“ஏழைப் போடுய்யா!”

“என்னது ஐயா? காதே கேக்கல. ஏசி.”

பெரியவர் அவளிடமே திரும்பினார். “புரியுது. உன் வீடு மூணாம் பாதையில இருக்கு. அதானே?”

“ஏழுலங்க ஐயா. எங்கம்மா இந்நேரம் என்னை அம்மியா மாத்திட்டு இருப்பாங்க.”

பதினொன்று இருபத்தொன்பதுக்கு எரிவாயு நிலையம் தயார் என்று குரல் கொடுத்தது. அவள் ரிசீவரை எடுத்தாள். செய்தி எண் நாற்பத்து மூன்று. ஏழாம் பாதைக்கு மின்சாரம் கொடு. காரணம், முறை முடிந்தது. பெரியவர் நின்றுகொண்டே அதைக் கேட்டார். அவரை உட்காரச் சொல்ல அங்கே யாருக்கும் கை ஒழியவில்லை. விடுவிடுவென்று மாடியிலிருந்த தன் அறைக்குப் போனார்.

ஐந்தாவது நிமிடம் சிவப்புத் தொலைபேசி அடித்தது.

“பதிவுலதானே கேட்டே? பதிவுலயே சொல்றேன். ஷிப்ட் பொறுப்புலேருந்து உன்னை எடுக்கிறேன். நாளைக்கு வராதே.”

அவள் பேனாவை எடுத்தாள். பதிவேட்டை முன்னால் இழுத்தாள்.

“செய்தி எண் நாப்பத்து நாலு. நேரம் பதினொண்ணு முப்பத்தஞ்சு. ஷிப்ட் பொறுப்பாளர் நாளைக்கு வரக் கூடாது. திருப்பிச் சொல்லிட்டேங்க ஐயா. காரணம்?”

“காரணமா? நான் சொல்றேன்ல?”

“காரணம் சொல்லுங்க ஐயா. எழுதணும்.”

பேனா முனையைப் பதிவேட்டில் வைத்தாள்.

“அமைச்சர்னு எழுதட்டுமா?”

தொலைபேசி வைக்கப்பட்டது.

காரணம் என்ற கட்டத்தில் அவள் நிதானமாக எழுதினாள்: ‘சொல்லப்படவில்லை. உத்தரவு முழுமை பெறவில்லை.’ கீழே கையெழுத்துப் போட்டாள்.

மீசை குல்லாயைக் கழற்றினார். “இப்ப நல்லாக் கேக்குதும்மா. அந்தாளு விட மாட்டான். காகிதத்துல எழுதிட்டு வருவான்.”

“வரட்டும் அண்ணே. அதுலயும் ஒரு காரணம் எழுதித்தானே ஆகணும்? எதை எழுதுறார்னு பாப்போம்.”

“அப்ப நாளைக்கு?”

“காலை ஷிப்ட்தானே? ஆறே முக்காலுக்கு வந்துடுவேன்.”

சுவரில் 50.00. நாற்காலியின் ஓரத்தில் ஒரு தையல் விட்டுப் பஞ்சு எட்டிப் பார்த்தது. அவள் கைப்பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்து, எண்ணின் மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே இரட்டை நூல் கோத்தாள்.