மேஸ்திரி வீட்டுக் கதவு

ரயில் பெட்டிகள் முதலில் அரக்குச் சிவப்பில் ஓடின. ஒரு பெரிய அதிகாரியின் கண்ணை அது உறுத்தியதால் மஞ்சளாயின. அடுத்தவர் வந்ததும் நீலமாயின. பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைக்குப் பின்னால் இருந்த குடியிருப்புத் தெருவும் கூடவே நிறம் மாறியது. பெட்டிக்கு எது வந்ததோ, கொஞ்ச நாளில் அது வீட்டுக் கதவுகளுக்கும் வந்துவிடும். பெயிண்ட் கால் முளைத்து நடந்து வந்திருக்காதுதான். ஆனால் யாரும் மூச்சு விடவில்லை. எல்லார் வீட்டுக் கதவும் ஒரே கதைதானே!

பெயிண்ட் மேஸ்திரி மட்டும் ஒரு சொட்டுக்கூட எடுத்ததில்லை. அவர் வீட்டுக் கதவு பல்லிளித்தது. “ஊருக்கெல்லாம் பூசுறீங்க, நம்ம கதவைப் பாருங்க” என்று மனைவி பிடுங்கியெடுத்ததில், கடைக்குப் போய்ச் சொந்தக் காசில் ஒரு டின் வாங்கினார். அதிலும் மனிதர் உஷார். எந்த ரயிலிலும் இல்லாத நிறமாகப் பார்த்துக் கிளிப்பச்சை வாங்கினார். இனி எவனும் தன்னை நோக்கி விரல் நீட்ட முடியாது என்று நிம்மதியாகப் பூசி முடித்தார்.

அந்த மாதமே புது அதிகாரி வந்தார். பெட்டிகள் இனி கிளிப்பச்சை என்றார்.

கிடங்கில் வந்திறங்கிய பச்சை டின்களில் இரண்டு முதல் நாளே மாயமாயின. எந்தப் புண்ணியவானோ மேஸ்திரியின் கதவைக் காட்டி மொட்டைக் கடுதாசி போட்டான். கிடங்கில் வேலை பார்த்த மைத்துனன் ஓடி வந்தான்.

“மாமா, விசாரணை அதிகாரி நாளைக்கு இங்க வர்றாராம். கதவு பச்சையா இருந்தா உங்க வேலையும் போகும், வீடும் போகும்.”

“எனக்கென்னடா பயம்? கடையில வாங்கினேன், பில்லு இருக்கு.”

“பெயிண்ட் மேஸ்திரி காசு குடுத்து பெயிண்ட் வாங்கினாரா? பில்லையே திருடினீங்கன்னு சொல்லுவாங்க. என்கிட்ட நீலம் இருக்கு, பூசிடுங்க.”

“அது பட்டறைச் சரக்குடா!”

“தெருவே அதுதான மாமா!”

மனைவி பிரஷ்ஷை எடுத்து நீட்டினாள்.

மறுநாள் அதிகாரி வந்து கதவைத் தொட்டார். விரலில் நீலம் ஒட்டியது. மேஸ்திரிக்கு உயிரே இல்லை. அதிகாரி தெருவை ஒரு பார்வை பார்த்தார். இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை நீலம்.

“நீலம்தானே? அது கணக்குலேருந்து தள்ளுபடியான சரக்கு, எவன் கேக்கப் போறான்?” என்று விரலைத் துடைத்துக்கொண்டார். “உங்களை மாதிரி நேர்மையான ஆளு மேலயா கடுதாசி போடுறாங்க!”

மேஸ்திரி வெட்கத்தில் குன்றிப்போனார். இத்தனை வருட உழைப்பில் அவரை நேர்மையானவர் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.