மூன்றாவது பூ

கலைமதிக்கு ஒரு புடவை எடுக்கவே தருமபுரிக்கு இரண்டு நடை வேண்டும். அப்பேர்ப்பட்டவளிடம் போய், புருஷன் காலை எடுக்கலாமா என்று கேட்டார் டாக்டர். சர்க்கரையில் அழுகிய கால். பச்சியப்பன் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தான். பொழுது சாய்வதற்குள் சொல்லிவிடச் சொன்னார். விஷம் மேலே ஏறுகிறதாம். கொழுந்தன் குமாரோ, வத்தல்மலையில் பச்சிலை கட்டுகிறவரிடம் போய்விடலாம் என்று ஆஸ்பத்திரி வாசலில் வண்டியோடு நின்றான்.

எடுத்தால், ஒற்றைக்காலோடு எழுந்து அவள் முகத்தில் விழிப்பானா? எடுக்காவிட்டால்? யோசித்து யோசித்துத் தலை சுற்றியது. பாப்பாரப்பட்டி பஸ் பிடித்து, ஊர் மாரியம்மனிடம் பூ கேட்க ஓடினாள்.

அம்மன் தலையில் ஈரப் பூவை ஒட்டவைப்பார் பூசாரி. வலப்பக்கம் விழுந்தால் செய்யலாம். இடப்பக்கம் விழுந்தால் கூடாது.

முதல் பூ வைத்த கையோடு வலப்பக்கம் விழுந்தது.

"காத்துல விழுந்திருக்குங்க. இன்னொருக்கா வைங்க" என்றாள் கலைமதி.

இரண்டாவது இடப்பக்கம் விழுந்தது.

"தண்ணி சாஸ்தியாயிடுச்சோ என்னமோங்க..."

பூசாரி முறைத்தார். "ஆத்தாளயே சோதிக்கறியாம்மா?" மூன்றாவதை வைத்துவிட்டு மணியைத் தூக்கினார்.

மணி அடிக்கவில்லை. தூக்கிய கை தூக்கியபடி நின்றது. பூ நுனியில் திரண்ட நீர் சொட்டாமல் தொங்கியது. விளக்குச் சுடர் ஆடவில்லை. பட்டப்பகலில் வெளியே காக்கைச் சத்தம்கூட அடங்கிப்போயிருந்தது. பூசாரியின் கண் இமைக்கவில்லை. கலைமதி ஓடப் பார்த்தாள், கால் வரவில்லை.

அம்மனின் வெள்ளிக் கண்கள் மட்டும் அவளையே பார்த்தன. கேட்க வந்தவள் அவள். பதிலுக்குக் காத்திருந்தன அந்தக் கண்கள்.

காலையில் கட்டுப் பிரித்தபோது மூக்கில் ஏறிய வாடை நினைவுக்கு வந்தது. பிணவாடை. அப்போதே அவளுக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் பயம்.

"எடுத்துரட்டும்" என்றாள். குரல் யாருடையதோபோல் இருந்தது.

மணி அடித்தது. காக்கை கத்தியது. அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு குமாருக்குப் போன் போட்டாள்.

"தம்பி, வண்டியத் திருப்பி அனுப்பிருப்பா. கால எடுக்கச் சொல்லு டாக்டர்கிட்ட. கையெழுத்துப் போட நான் வந்துட்டே இருக்கேன்."

பின்னால் பூ விழுந்த சத்தம் கேட்டது.

"அம்மா, பூவு..." பூசாரியின் குரல் தடுமாறியது.

"சொல்லாதீங்க சாமி."

திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். செருப்பு மாட்டக்கூடத் தோன்றவில்லை. பஸ் நிறுத்தம்வரை இரண்டு காலும் சுட்டன.