காகிதப்பூவுக்கு ஒரு பம்பு

சிங்காநல்லூரில் அப்புசாமிக்குச் சொந்தமாக ஒரு பட்டறை இருந்தது. கிணற்று மோட்டார் பம்புகளுக்கு வேண்டிய இரும்பு உறைகளைக் கடைந்து கொடுக்கும் பட்டறை. முப்பது வருடம் அதை நடத்தியதில், தண்ணீர் பாய்ச்சினால் தீராத குறை எதுவும் இந்த உலகத்தில் இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். தன்னைத் தவிர மற்றவர்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் உதவாக்கரைகள் என்பதும் அவருக்கு உறுதியாகியிருந்தது. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன், பொருளை வாங்கி விற்பவன், ஆள் வைத்துக் காரைக் கழுவுகிறவன் என்று யார் பேச்சு வந்தாலும் உதட்டைப் பிதுக்கி, "அவனெல்லாம் ஒரு ஆளாங்க" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

மனைவி கீதாவைப் பற்றி அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவள் பேச ஆரம்பித்தால் போனை எடுத்துக்கொள்வார். பேசி முடித்ததும், "ஆச்சா?" என்று கேட்பார். இருபத்தெட்டு வருடமாக இப்படித்தான்.

மகள் லாஸ்யா கல்யாணமாகிப் பெங்களூர் போன பிறகு, ஒரு நாள் கீதா உக்கடத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். குளத்தை ஒட்டிய ரோட்டில் ரம்லா என்ற பெண் செடிக்கடை வைத்திருந்தாள். கடை முகப்பில், வெடித்துப் போன பெயின்ட் வாளி ஒன்றில் ஒரு காகிதப்பூச் செடி நின்றது. இலையே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஊதாவும் சிவப்புமாகப் பூத்துக் கிடந்தது. கீதா பஸ்ஸை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் போய் நின்றாள்.

"இது எத்தன நாளைக்குப் பூக்குமுங்க?"

"நீங்க சும்மா இருந்தா வருசத்துல முக்கால்வாசி நாளு பூவுதாங்க்கா," என்றாள் ரம்லா. "ரொம்பக் கவனிச்சீங்கன்னா பூக்காது."

கீதா சிரித்துவிட்டாள். அவள் அந்தச் செடியோடுதான் வீட்டுக்கு வந்தாள்.

அதன் பிறகு வாரம் ஒரு தடவையாவது உக்கடம் போய் ரம்லாவிடம் கேட்டுக் கேட்டுப் படித்தாள். மண்ணில் பாதிக்குப் பாதி மணல் கலக்க வேண்டும். வாளியின் அடியில் பெரிய துளைகள் போட வேண்டும். வேருக்கு இடம் நெருக்கமாக இருந்தால்தான் நல்லது. நிழலே ஆகாது. தண்ணீர் விஷயம்தான் முக்கியம். மண் காய்ந்து, இலை லேசாகத் தொங்குகிற வரைக்கும் பொறுத்திருந்து, அப்புறம் ஒரு சொம்பு. தொங்குகிற செடியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது ஆரம்பத்தில் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு தடவை மனசு கேட்காமல் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஊற்றிவிட்டாள். மூன்றாம் நாள் மொட்டை மாடி முழுக்க ஊதா நிறத்தில் உதிர்ந்து கிடந்தது. அத்தோடு கை அடங்கிவிட்டது. பூ ஓய்ந்ததும் கிளை நுனிகளை வெட்டிவிடவும், முள்ளில் கிழிபடாமல் கை நுழைக்கவும் பழகினாள். ஒரே தண்டில் மூன்று நிறங்களை ஒட்டுக் கட்டி, பாலிதீன் நாடாவால் சுற்றிவிடும் வித்தை கைவந்தபோது, "எனக்கே பத்து ஒட்டுல நாலுதான் புடிக்கும், உங்களுக்கு ஏழு புடிக்குதே," என்று ரம்லா சொன்னாள். கீதாவை யாரோ ஒன்றில் கெட்டிக்காரி என்று சொல்லி எத்தனையோ காலமாகியிருந்தது.

நாலு வருடத்தில் மாடிக் கைப்பிடிச் சுவர் நெடுக இருபத்திரண்டு செடிகள் நின்றன. தெருவில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்புசாமி ஒரே ஒரு தடவை மாடிக்கு வந்து பார்த்தார்.

"மணக்குதா இது?"

"இல்லீங்க."

"தலைல வெக்கலாமா? காயி கீயி ஏதாச்சும்?"

"அதெல்லாம் இல்லீங்க."

"அப்பறம் என்ன எளவுக்கு?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். வீட்டுக்கு வரும் வியாபாரிகளிடம், "எங்கூட்ல மாடி மேல பேப்பர் மில்லு ஓடுதுங்க," என்று சொல்வது வழக்கமாயிற்று. அவர்கள் சிரிப்பார்கள். கீதா காப்பி டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போவாள்.

இந்த வருடம் ஜனவரியில் ரம்லா ஒரு சேதி சொன்னாள். நகரத்துத் தோட்டப் பிரியர்கள் சங்கம் ஒன்று மாடித் தோட்டங்களுக்குப் போட்டி வைத்திருந்தது. நடுவர்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். "உங்க பேரக் குடுத்துட்டேங்க்கா. பிப்ரவரி கடைசி ஞாயித்துக்கெழம. அப்பத்தான் உங்க செடி உச்சத்துல இருக்கும்." கீதா வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளை வெட்டும் நாளை அதற்கு ஏற்றபடி முன்னால் தள்ளிக்கொண்டாள்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் லாஸ்யாவுக்குக் குடல்வால் ஆபரேஷன் என்று போன் வந்தது. கீதா அன்றே பெங்களூர் கிளம்பினாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே புருஷனிடம் சொன்னாள்:

"ஏனுங்க, செடிக்கு நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். எல தொங்குனா மட்டும், வாரத்துக்கு ஒருக்கா ஒரு சொம்பு. அதுவும் மறந்தாப் பரவால்லீங்க."

"உன்ற காகிதத்துக்குக் காவல் காக்கற ஆளா நானு?" என்றார் அப்புசாமி. சொன்னபடியே அவர் ஐந்து நாள் மாடிப் பக்கம் போகவில்லை. அதுவரைக்கும் எல்லாம் நன்றாகவே இருந்தது.

ஆறாம் நாள் எதிர்வீட்டு லட்சுமணசாமி, பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கேட்டருகே நின்று மாடியைப் பார்த்தார்.

"ஏனுங்க அப்புசாமி, ஊருக்கெல்லாம் பம்பு செஞ்சு போடறீங்க. உங்கூட்டுச் செடி தண்ணிக்குத் தொங்குதுங்களே."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர் பொருட்படுத்தியிருக்க மாட்டார். அவருடைய உதவாக்கரைக் கணக்கில் முதல் வரிசையில் இருக்கும் ஒரு பேங்க்காரர், தண்ணீரைப் பற்றி, அவரிடமே சொல்லிவிட்டார். அன்று மத்தியானமே பட்டறையிலிருந்து அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று மாடிக்கு ஏறியது. இருபத்திரண்டு வாளிக்கும் குழாய் இழுத்து, காலையும் மாலையும் தானாக ஓடி நிற்கும்படி டைமர் பொருத்தினார். இது போதாது என்று வாளிக்கு ஒரு கை யூரியாவும் போட்டார். வேலையில் ஒரு குறை வரக் கூடாதென்று குழாய் வளைவுகளை எல்லாம் மட்டப்பலகை வைத்துச் சரிபார்த்தார்.

செடிகள் குடித்தன. நாலைந்து நாளில் பூவெல்லாம் கொட்டி மழைநீர்க் குழாயை அடைத்துக்கொண்டது. அதைக் குச்சியால் குத்தி எடுத்துக் குப்பையில் போட்டார். ஒரு வாரத்தில் தண்டெல்லாம் நீளநீளமாகத் துளிர்த்து, கருகருவென்று இலை விட்டன. அப்புசாமி போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். கூடவே குரல் பதிவு: "உங்கம்மாகிட்டக் காட்டு கண்ணு. நாலு வருசமாப் பட்டினி போட்டு வெச்சிருந்தா. நான் கை வெச்சதுக்கப்பறம் எப்படி இருக்குதுன்னு பாரு."

லாஸ்யா படுத்தபடியே போனை நீட்டினாள். கீதா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு பூ இல்லை. வாளி ஓரத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. அவரைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பம்ப நிறுத்திப்போடுங்க."

"ஏன், பொறாமையா?"

"நிறுத்துங்கங்க. பூவே போயிருச்சு."

"பூ கெடக்குது உடு. எலயப் பாத்தியா எலய? பொழச்சுக் கெடக்குது இப்பத்தான்." அவர் சிரிப்பது கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது.

கீதா போட்டி நடத்துகிறவர்களைக் கூப்பிட்டு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகளுக்குக் கஞ்சி காய்ச்சினாள். ஆச்சரியமாக, அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. கோபப்பட வேண்டுமானால் அந்த ஆளிடம் ஏதாவது எதிர்பார்த்திருக்க வேண்டும். வந்தது வேறொன்று. அது லேசாக, குளிர்ச்சியாக இருந்தது. இந்த மனிதருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை, அதையே எல்லாவற்றின் மேலும் செய்து பார்க்கிறார், செடி எது, இரும்பு எது என்றுகூடத் தெரியாது. இவருக்கா இத்தனை வருடம் பயந்தோம் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் வீடு வந்தபோது, வாசலில் ஒரு கார் நின்றது. மாடியில் அப்புசாமியின் குரல். பையைக் கீழே வைத்துவிட்டு ஏறினாள்.

இரண்டு நடுவர்கள். வயதான ஒரு அம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். கூட ஓர் இளைஞர், கையில் ஒரு அட்டை. அப்புசாமி வெள்ளை வேட்டியில் மோட்டார் பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"காலைல பத்து நிமிசம், சாயங்காலம் பத்து நிமிசமுங்க. கரண்டு போனாலும் டைமர் மறக்காது. இந்த மாதிரி ஏற்பாடு நீங்க வேற எந்த மாடிலயும் பாத்திருக்க மாட்டீங்க."

"பாத்ததில்லீங்க," என்றார் அந்த அம்மா. ஒரு கிளையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு விட்டார். "பூ எங்கீங்க?"

"பூவென்னங்க, இன்னிக்கு வரும் நாளைக்குப் போகும். செடி ஆரோக்கியமா இருக்குதுங்களா இல்லியா?"

 அந்த அம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார். பட்டறையில் உறையைக் கோணலாகக் கடைந்து கொண்டுவரும் ஆளை அப்புசாமி எப்படிப் பார்ப்பாரோ, அப்படி. திட்டுவதற்குக்கூட லாயக்கில்லாத ஆளைப் பார்க்கும் பார்வை. அப்புசாமிக்கு அது புரிந்தது; அந்தப் பார்வையை அவரை விட நன்றாக அறிந்தவர் யார்? வேட்டியை ஒரு தடவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டார்.

"கீதாங்கறவங்க யாருங்க?" என்று இளைஞர் அட்டையைப் பார்த்துக் கேட்டார்.

"நாந்தானுங்க," என்றாள் கீதா. "இது எங்கூட்டுக்காரரு போட்ட தோட்டமுங்க. என்னோடத அடுத்த வருசம் வந்து பாருங்க."

வயதான அம்மா மட்டும் சிரித்தார். கீழே இறங்கும்போது, மூன்று நிறம் ஒட்டுக் கட்டிய தண்டைத் தொட்டு, "இது யாரு கட்டுனது?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

கார் போனதும் அப்புசாமி குரலை உயர்த்தினார். "தண்ணி ஊத்துனது குத்தமா? எந்த ஊர்ல இருக்குது இந்த நியாயம்?"

கீதா அவரது பெட்டியிலிருந்தே ஸ்பேனரை எடுத்து வந்து மோட்டாரின் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "நீங்க பேசறதுன்னாப் பேசுங்க," என்றாள். "எனக்கு வேல இருக்குது."

அவர் பேசினார். கொஞ்ச நேரம் பேசினார். அவள் திரும்பிப் பார்க்காததால் அது ஓரிடத்தில் நின்றுபோனது. குழாய்களைச் சுருட்டிப் படிக்கட்டில் வைத்துவிட்டு, நீண்டுபோன தண்டுகளை ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தாள். மண்ணைக் காயவிட்டாள். வேர் அழுகிய மூன்று செடிகள் போயின. மற்றவை ஏப்ரலில் பூத்தன. இப்போதெல்லாம் அவர் பேசும்போது அவள் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். பேசி முடித்து அவர் அவள் முகத்தைப் பார்த்தால், "சொல்லியாச்சுங்களா?" என்பாள். அவ்வளவு மரியாதையாக.

கோடையில் ஒட்டுக் கட்ட ஆள் வேண்டும் என்று ரம்லா கேட்டாள். கீதா வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறி உக்கடம் போனாள்.

ஒரு நாள் கடைக்கு ஒரு பெண் வந்தாள். அடுக்குமாடி வீட்டுக்காரி, நெற்றியெல்லாம் வேர்வை. "எப்பவும் பூத்துட்டே இருக்கணுங்க. ஆனா வேல வெக்கக் கூடாது. பால்கனில வெயிலே வராது. அதுக்கு ஏத்த மாதிரி ஒரு காகிதப்பூ குடுங்க," என்றாள்.

கீதா ஒட்டுக் கட்டுவதை நிறுத்தாமலே அவளை மேலும் கீழும் பார்த்தாள். "வெயில் இல்லாத எடத்துக்கு பிளாஸ்டிக் பூ வாங்கிக்குங்க. டவுன்ஹால் கடவீதில கெடைக்கும்."

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினாள்.

ரம்லா தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டு வந்தாள். "அக்கா, தெரியாமத்தான கேக்கறாங்க. நீங்க இங்க மொதல்ல வந்தப்ப உங்களுக்கு என்ன தெரியும்? இப்படிப் பாக்கற பார்வைய எங்கிருந்து எடுத்துட்டு வந்தீங்க?"

கீதாவின் விரல்கள் நாடாவில் நின்றன. எங்கிருந்து என்று அவளுக்குத் தெரியும். காது மடல் சூடாயிற்று. கத்தியைக் கீழே வைத்தாள். ரோட்டுக்கு ஓடி, பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டாள்.

"அம்மணி, கொஞ்சம் வாங்க. நெழல்ல வர்ற செடியும் இருக்குது. காட்டறேன்."

அந்தப் பெண் சந்தேகத்தோடு அவளைப் பார்த்தாள். பிறகு கூட வந்தாள்.