பதினோரு விநாடி

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: நான் கையெழுத்துப் போட்ட ஒரு புகார்ப் படிவத்தில்தான் இந்தக் கதை ஆரம்பித்தது. நான் தியேட்டர் மேனேஜர். மேட்னி ஷோவில் போனைத் தூக்கிப் பிடித்த ஒரு தையல்காரரைப் பிடித்துக் கொடுத்தேன். மூன்று வருடம்வரை உள்ளே போடலாமாம்.

'இருட்டில் ஒரு திருடன்' என்று கதைக்கு முதல் வரி எழுதினேன். (அடித்துவிட்டேன். மனுஷன் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்.)

2

அவர் எடுத்தது பதினோரு விநாடி. நாங்கள் மறுபடி திரையிட்ட பழைய படம் அது. அந்தப் பதினோரு விநாடியில், கல்யாணக் காட்சிக் கூட்டத்தில் தட்டோடு நடந்து போகிற பெண் அவருடைய மனைவி. ஒரு காலத்தில் துணை நடிகை. போன வருடம் இறந்துவிட்டார். இதெல்லாம் ஸ்டேஷனில்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் 'பதிவு செய்தது என்ன?' என்ற கட்டத்தில் 'படம்' என்று எழுதிவிட்டிருந்தேன். எல்லாப் படிவத்திலும் அப்படித்தான் எழுதுவோம், கை தானாகப் போய்விட்டது.

"உள்ள வைக்கிறதுன்னா வைக்கட்டும் சார்," என்றார். "போன்ல இருக்கறத மட்டும் அழிச்சிட வேணாம்னு சொல்லுங்க."

3

(இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. முழுப் படத்தையும் திருடி விற்கிறவன் எங்கள் பிழைப்பில் மண்ணைப் போடுகிறான், அவனுக்குத் தண்டனை வேண்டும். ஆனால் அவனுக்கும் இவருக்கும் ஒரே தராசா? கட்டுரை வாடை அடிக்கிறது, விட்டுவிடுகிறேன்.)

4

என் அக்கா சாப்பாட்டுப் பையில் டேப்ரெக்கார்டரை மறைத்துக்கொண்டு போய் ஒரு படத்தின் வசனம் முழுவதையும் பிடித்து வந்தவள். பக்கத்தில் நான். பாதிப் படத்தில் அந்தக் காலத்து மேனேஜர் பார்த்துவிட்டார். நான் பையைக் காலுக்கடியில் தள்ளினேன். அவர் குனிந்து, "ஃபேனுக்குக் கீழ உக்காந்தா இரைச்சல்தான்மா விழும், அந்தப் பக்கம் போய் உக்காரு," என்றார்.

அதெல்லாம் ஒரு காலம், அப்போது மனுஷர்கள் (வேண்டாம், இதை முடித்தால் அழுதுவிடுவேன்.)

அக்கா இப்போது இல்லை. கேசட் இருக்கிறது. வசனமெல்லாம் தேய்ந்துவிட்டது. நடுநடுவே அவள் சிரிப்பது மட்டும் கேட்கும்.

5

விடுதலை என்று ஒரு முடிவு எழுதினேன். மூன்று வருடம் என்று இன்னொன்று. இரண்டையும் கிழித்துப் போட்டேன். நாளை காலை சாட்சிக் கூண்டில் ஏறப்போவது நான்தான். அவர் எதைப் பதிவு செய்தார் என்று கேட்பார்கள். படிவத்தில் உள்ளதையே சொன்னால் என் வேலை பத்திரம். மாற்றிச் சொன்னால் முதலாளி என்னைச் சும்மா விடமாட்டார்.

கட்டத்தைக் காலியாக விடுகிறேன், நீங்களே நிரப்புங்கள்.

பதிவு செய்தது: ____________

எதை எழுதினாலும் அதையே என் கேசட்டின் மேலும் எழுதிவிடுங்கள். இத்தனை வருஷமாக அதன்மேல் நான் ஒன்றும் எழுதவில்லை.