ஏழுக்கு மூன்று

ஜெனித்சாவில், உருக்காலைக்குப் பின்னாலுள்ள ஒன்பது மாடிக் கட்டடத்தின் நான்காவது தளத்தில் மூன்று வீடுகள். மூன்று வீட்டுக்கும் ஒரே இணைய இணைப்பு. அது அல்மாசாவின் வீட்டில் இருந்தது. கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்தாள். மற்ற இரண்டு வீட்டுக்காரிகள் ரெஃபிகாவும் ல்யூபிட்சாவும் அதை எப்போதோ மனப்பாடம் செய்துவிட்டார்கள். பதிலுக்கு ரெஃபிகா வீட்டிலிருந்து மிளகாய் ஊறுகாய் வரும், ல்யூபிட்சா வீட்டிலிருந்து முட்டை வரும்.

பதில் சொன்னால் பணமாக மாற்றக்கூடிய புள்ளிகள் தருகிற இணையச் சர்வேக்களைக் கண்டுபிடித்தவள் அல்மாசா. செருப்புத் தொழிற்சாலை மூடிய பிறகு அவளுக்குக் கிடைத்தது ஒரு பேக்கரியின் பின்கட்டில் மாவு பிசைகிற அரை நாள் வேலை. முன்னால் நின்று விற்கிற வேலையைத்தான் முதலில் கொடுத்தார்கள். அவள்தான் வேண்டாம் என்றாள். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு செர்ரிக் கொட்டையைக் கடித்ததில் அவளுடைய மேல்வரிசை முன்பல் பாதியாக உடைந்திருந்தது. அன்றிலிருந்து பேசும்போது இடது கை தானாக வாய்க்குப் போய்விடும். சிரிப்பதென்றால் இரண்டு கையும்.

பல்லுக்கு உறை போட ஆறாயிரம் புள்ளி வேண்டும். மருத்துவர் ஊர்ப் பணமான மார்க்கில்தான் விலை சொன்னார். அல்மாசா அதைப் புள்ளியாக மாற்றி மனதில் வைத்துக்கொண்டாள். ரெஃபிகா தன் பென்ஷனிலிருந்து கொடுக்கிறேன் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். அல்மாசா பேச்சை மாற்றிவிட்டாள்.

அவளைப் பார்த்து மற்ற இருவரும் ஆளுக்கொரு கணக்குத் தொடங்கினார்கள். காலை பத்து மணிக்கு அல்மாசாவின் சமையலறையில் ரெஃபிகா கொண்டுவரும் காபி. மூவருக்கும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் வரும். அல்மாசா மடிக்கணினியைத் திறந்து வாசிப்பாள். மற்ற இருவரும் கைபேசியை மேஜைமேல் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

"'இந்தச் சலவைத்தூளை ஒரு தோழிக்குப் பரிந்துரைப்பீங்களா? ஏழுக்கு எத்தனை?'"

"தோழி இதோ முன்னாடியே உக்காந்திருக்காளே," என்பாள் ல்யூபிட்சா. "ஏன்டி ரெஃபிகா, பரிந்துரைக்கவா?"

"அந்தத் தூளையா? என் வீட்டுக்காரர் சட்டையைப் பாத்தியா? வெள்ளையா போட்டேன், சாம்பலா எடுத்தேன். ரெண்டு போடு."

"சாம்பல் உருக்காலையோடது. தூள் என்ன பண்ணும் பாவம்? அஞ்சு போடலாம்."

"சரி, நாலு."

மூவரும் நான்கை அழுத்துவார்கள். ஒரு விஷயத்தைப் பற்றி ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு மூன்று வெவ்வேறு பதில் சொல்வது அவர்களுக்கு மரியாதையாகப் படவில்லை. அப்படிச் சொன்னால் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று அர்த்தம்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. அல்மாசாவிடம் ஐயாயிரத்து எண்ணூறு புள்ளி சேர்ந்திருந்தபோது சர்வே நிறுவனத்திலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தது. மூன்று கணக்குகள், ஒரே இணைய முகவரி, ஒரே நிமிடத்தில் ஒரே பதில்கள். ஒரே ஆள் மூன்று பெயர்களில் எழுதுவதாகச் சந்தேகம். கணக்குகள் நிறுத்தி வைக்கப்படுகின்றன. மறுப்பு இருந்தால் முதல் கணக்கின் உரிமையாளர் வீடியோவில் பேசலாம். முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது.

அல்மாசா அதை இரண்டு முறை வாசித்தாள்.

"ஒரே ஆளா?" என்றாள் ரெஃபிகா. "என் எடைக்கு நானே ரெண்டு ஆள்!"

ல்யூபிட்சா சிரிக்கவில்லை. "நீ பேசிடுவியா, அல்மாசா?"

"முகம் தெரியணுமாம்," என்றாள் அல்மாசா, கையை வாயிலிருந்து எடுக்காமல்.

வேண்டாம் என்று விட்டுவிடத்தான் நினைத்தாள். ஆனால் பேசாவிட்டால் புள்ளிகள் போகும். புள்ளிகள் போனால் பல் அப்படியே இருக்கும். பல் அப்படியே இருந்தால் வாழ்நாள் முழுவதும் பின்கட்டுதான். புதன்கிழமை பதினொரு மணிக்கு வருகிறேன் என்று பதில் எழுதினாள்.

புதன்கிழமை காபி முடிந்ததும் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்தினாள். அது பாதி மங்கல் கண்ணாடிக் கதவு. இரண்டு தலைகள் அதில் நிழலாக நின்றன. ஒன்று அகலம், ஒன்று உயரம். போங்க என்று கையை ஆட்டினாள். தலைகள் ஒரு விரற்கடை நகர்ந்தன.

திரையில் வந்தவள் பெயர் சாஞ்சா. முப்பது வயதிருக்கும். சரயேவோ அலுவலகத்திலிருந்து பேசினாள்.

"வணக்கம் அல்மாசா. கையைக் கொஞ்சம் எடுக்கிறீங்களா? முகம் முழுசா தெரியணும்."

அல்மாசா கையை எடுத்து மடியில் வைத்து, அதை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"நன்றி. ரெஃபிகா, ல்யூபிட்சா, இந்த ரெண்டு பேரும் நிஜமாவே இருக்காங்களா?"

"இருக்காங்க. பக்கத்து வீடு. எதிர் வீடு."

"அப்புறம் எப்படி நானூறு கேள்விக்கு ஒரே பதில்?"

"காபி குடிக்கும்போது எழுதுவோம். பேசித்தான் முடிவு பண்ணுவோம்."

சாஞ்சா ஒரு நொடி பேனாவை நிறுத்தினாள். "எங்கம்மா வீட்லயும் அப்படித்தான். சோபா வாங்கவே நாலு வீட்டு ஓட்டு வேணும். ஆனா எங்களுக்கு அந்த முடிவு வேண்டாம். உங்க நெனப்புதான் வேணும். சும்மா ஒரு சின்னச் சோதனை வைக்கிறேன். போன மாசச் சர்வேல இருந்து ஒண்ணு கேக்கறேன். காலைக் காபி உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும்? ஏழுக்கு."

"நாங்க ஏழு போட்டோம்."

"நீங்க?"

"நாங்க..."

"நாங்க இல்ல. நீங்க."

அல்மாசா மேஜையைப் பார்த்தாள். நீண்ட பிடி வைத்த செம்புப் பாத்திரம் இன்னும் சூடாக இருந்தது. அவளுடைய குட்டிக் கோப்பை வழக்கம்போல் நிறைந்திருந்தது. சர்க்கரைக் கட்டியை மட்டும் காபியில் தோய்த்துத் தின்றிருந்தாள். பொய் சொன்னால் ஏழு என்றே சொல்லலாம். ஆனால் எதிரில் இருந்தவள் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற முகத்தோடு காத்திருந்தாள். அல்மாசாவை யாரும் தனியாகக் கூப்பிட்டு இப்படிக் கேட்டதில்லை.

"மூணு," என்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"பிடிக்காதா?"

"நெஞ்செரியும். எனக்கு டீதான் பிடிக்கும். லிபா மரத்துப் பூ போட்ட டீ."

"அது காய்ச்சல்காரங்க குடிக்கறதாச்சே. உடம்பு சரியில்லாதப்பவா?"

"நல்லா இருக்கும்போதே."

"எத்தனை வருஷமா இந்தக் காபி?"

"நாங்க பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கு வந்து பதினாறு வருஷம். தினம் ரெண்டு தடவை."

"குடிக்காம என்ன பண்ணுவீங்க?"

"சன்னல்ல இருக்கற ஜெரேனியம் செடிக்கு ஊத்திடுவேன்."

கதவு திறந்தது. ரெஃபிகா உள்ளே நின்றாள்.

"அதான் அந்தச் செடி கரடி மாதிரி வளருதா! என்ன உரம் போடுறேன்னு எத்தனை தடவை கேட்டேன்? 'ஒண்ணுமில்லக்கா, வெயில்'னியே! வடக்குப் பக்கச் சன்னல்ல ஏதுடி வெயில்?"

"அக்கா, வெளிய போங்க, யாரும் வரக் கூடாது..."

"மூணா? என் கையால அரைச்ச காபிக்கு மூணா?"

"ரெஃபிகா, வாடி வெளிய," என்று ல்யூபிட்சாவும் உள்ளே வந்தாள். ரெஃபிகாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "நெஞ்செரியுதுங்கறா. உன் காபி தார் மாதிரி இருக்குன்னு நானே எத்தனை தடவை சொல்லிருக்கேன்?"

"நீ எப்ப சொன்னே? நீயும் ஏழு போட்டியே!"

"நீ மொறச்சுக்கிட்டு உக்காந்திருந்தா வேற என்ன போடறது? நான் அஞ்சுதான் போட்டிருப்பேன்."

"எனக்கு ஏழு! எட்டு இருந்தா எட்டு போடுவேன்!"

எல்லாம் முடிந்தது என்று அல்மாசா நினைத்தாள். இரண்டு கையும் வாய்க்குப் போயின. திரையைப் பார்க்கவே பயமாக இருந்தது. மெல்ல நிமிர்ந்தபோது சாஞ்சா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின.

"மூணு, அஞ்சு, ஏழு," என்றாள் அவள். "சரி. இது ஒரே ஆள் இல்ல."

"அறையில யாரும் இருக்கக் கூடாதுன்னு..."

"அதையும் எழுதத்தான் செய்வேன். மேல இருக்கறவங்க முடிவு பண்ணட்டும். ஆனா நான் பார்த்ததையும் எழுதுவேன்."

இரண்டு நாள் ரெஃபிகா காபிக்கு வரவில்லை. அந்த இரண்டு நாளும் மின்னஞ்சலும் வரவில்லை. எது வராதது அதிகம் உறுத்துகிறது என்று அல்மாசாவுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை காலை மின்னஞ்சல் வந்தது. மூன்று கணக்குகளும் திறக்கப்பட்டன. புள்ளிகள் அப்படியே இருந்தன. ஒரே நிபந்தனை: இனி அவரவர் வீட்டில், அவரவர் இணைப்பில், தனித்தனியாக எழுத வேண்டும். அல்மாசா நேராகப் போய் ரெஃபிகாவின் கதவைத் தட்டினாள்.

ரெஃபிகா மின்னஞ்சலை முழுதாகப் படித்தாள். "இனிமே நீ என்ன போடறேன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியாது அக்கா."

"கேட்டா சொல்லுவியா?"

"கேட்டா சொல்லுவேன்."

ரெஃபிகா ஏதோ முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

மீதி இருநூறு புள்ளியை அல்மாசா தனியாக எழுதிச் சேர்த்தாள். தயிருக்கு ஆறு, வங்கிக்கு இரண்டு. ஒரு பற்பசை விளம்பரத்துக்கு நெடுநேரம் யோசித்து நான்கு. நவம்பரில் பல்லுக்கு உறை போட்டாகிவிட்டது. பேக்கரிக்காரர் முன்னால் நிற்கிறாயா என்று மறுபடி கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து நிற்கிறேன் என்றாள்.

அதற்கு மறுநாள் பத்து மணிக்கு ரெஃபிகா வழக்கம்போல் காபிக்கு வந்தாள். ஒரு கையில் செம்புப் பாத்திரம், மறு கையில் மூடி போட்ட பெரிய கோப்பை. கோப்பையை அல்மாசாவின் முன்னால் டக்கென்று வைத்தாள். லிபா பூ மணத்தது.

"இந்தா நோயாளி, குடி. தேன் போட்டிருக்கேன்."

ல்யூபிட்சா எட்டிப் பார்த்தாள். "ஏழுக்கு எத்தனைன்னு கேளு."

அல்மாசா ஒரு வாய் குடித்தாள். தேன் அதிகம், பூவும் சரியாகக் காயவில்லை.

"அஞ்சு," என்றாள்.

"பாத்தியா திமிரை!" என்று கத்தினாள் ரெஃபிகா.

அல்மாசாவுக்குச் சிரிப்பு வந்தது. இடது கை பழக்கத்தில் மேலே எழுந்தது. ல்யூபிட்சா அந்தக் கையில் சுளீரென்று ஒன்று வைத்தாள்.