மூன்று பேரில் நூறு சதவீதம்

எங்கள் அரசுப் பள்ளியில் பிள்ளைகள் மொத்தம் முப்பத்தொரு பேர். எல்லோரும் பார்வையற்றவர்கள், அல்லது மங்கலாகத் தெரிகிறவர்கள். ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்த ஊர், என்ன சாதி, பார்வை முழுக்க இல்லையா பாதி இருக்கிறதா என்று வருஷத்துக்கு நாலு தடவை படிவம் வரும். தலைமையாசிரியை நான்தான் நிரப்பவேண்டும். சாப்பிட நேரமில்லாத நாளிலும் படிவத்துக்கு நேரம் உண்டு.

அதில் கடைசிக் கட்டம்தான் எனக்கு எமன்: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சதவீதம். பெரிய பள்ளிகளில் இருநூறு பேர் எழுதுவார்கள். நாலு பேர் கவிழ்ந்தாலும் தொண்ணூற்றெட்டு நிற்கும். எங்களிடம் எழுதுவது மூன்றே பேர். ஒருவர் கவிழ்ந்தால் அறுபத்தாறு புள்ளி ஆறு ஏழு. கடலூரில் நடக்கும் ஆய்வுக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று காரணம் சொல்லவேண்டும். ஐந்து வருஷமாக நூறு வைத்திருக்கிறேன். எனக்கு அதில் பெருமை கொஞ்சம் ஜாஸ்திதான், ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வருஷத்து மூவரில் செம்பியன் சிதம்பரத்துப் பையன், கணக்கில் புலி. கீரப்பாளையத்து இசைவாணியும் தேறிவிடுவாள். மூன்றாவது கொளஞ்சி. பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டும் சிங்காரத்தின் மகள். எதைச் சொன்னாலும் மூன்று தரம் திருப்பிக் கேட்பாள். காலாண்டுத் தேர்வில் கணக்கில் பதினேழு மார்க்.

தேர்வு எழுதுவோர் பட்டியல் அனுப்பவேண்டிய அன்று கணக்கு ஆசிரியர் ஆரோக்கியராஜை என் அறைக்குக் கூப்பிட்டேன். அவருக்கும் பார்வை கிடையாது.

“சார், கொளஞ்சிய இந்த வருஷம் நிறுத்திக்கலாமா? அடுத்த வருஷம் நல்லா எழுதட்டுமே.”

“அடுத்த வருஷம் ஏது மேடம்? இந்த வாட்டி எழுதலேன்னா ஊருக்கே இட்டுக்கினு போயிடுறேன்னு அவுங்கப்பா போன்ல சொல்லிட்டாரு.”

“மூணு பேர்ல ஒருத்தி போனா என் நூறு போச்சே சார்.”

“நூறு உங்களுது மேடம். பரீட்சை அவுளுது” என்று சொல்லிவிட்டுக் கோலைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே மூன்றாவது பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கணக்குத் தேர்வன்று ஆளுக்கொரு அறை. பிள்ளை சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆசிரியர், எல்லோரையும்விட ஒரு மணி நேரம் கூடுதல். செம்பியன் பாதி நேரத்திலேயே வெளியே வந்து, “ஊதித் தள்ளிட்டேன் டீச்சர்” என்றான். கொளஞ்சி கடைசி மணி அடித்த பிறகுதான் வந்தாள். “அந்த சாரு பாவம் டீச்சர். ஒவ்வொரு வரியும் எழுதினதும் படிச்சுக் காட்டச் சொன்னேன். கையும் வலிக்குது, வாயும் வலிக்குதுன்னாரு” என்றாள். இது எங்கே தேறப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முடிவு வந்த காலையில் போனை மூன்று தரம் துடைத்துப் பார்த்தேன். கொளஞ்சி கணக்கில் நாற்பத்தொன்று, தேர்ச்சி. இசைவாணி தேர்ச்சி. செம்பியன் கணக்கில் இருபத்தெட்டு!

விடைத்தாள் நகலை வாங்கி நான் படிக்க, ஆரோக்கியராஜ் சார் கேட்டார். ஒவ்வொரு கணக்கும் சரியாக ஆரம்பித்துப் பாதியில் அறுந்து கிடந்தது. இவன் கொட்டிய வேகத்துக்கு எழுதியவரின் கை ஓடவில்லை. எது விட்டுப்போனது என்று இவன் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

“முந்திரிக்கொட்டை” என்றார் சார்.

கூட்டத்தில் எழுந்து நின்றேன், காரணம் சொன்னேன், உட்கார்ந்தேன். உயிர் ஒன்றும் போய்விடவில்லை.

மறுநாள் பள்ளி வராந்தாவில் சத்தம். செம்பியனைத் துணைத் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள் கொளஞ்சி. அவன் கணக்கைச் சொல்ல, அவள் பிரெய்லில் குத்திக்கொண்டிருந்தாள்.

“நிறுத்துடா! எழுதினத முதல்ல படிச்சுக் காட்டச் சொல்லு. அப்பறம் அடுத்த வரிக்குப் போ.”

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “வரிக்கு வரி படிக்கச் சொல்லணும்னு உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது?”

“யாரும் சொல்லல டீச்சர். அன்னிக்கி நீங்க சார்கிட்ட பேசுறப்ப நான் ஜன்னலண்ட கை கழுவிக்கினு இருந்தேன்.”

அவளை நிறுத்திக்கொள்ளலாமா என்று நான் கேட்டது அவள் காதில் விழுந்திருக்கிறது.

“நம்மளால டீச்சரோட நூறு போயிடக் கூடாதுன்னுதான் அந்த சாரைப் போட்டு அந்தப் பாடு படுத்தினேன். கடைசில இவன் கவுத்துட்டான்” என்று செம்பியன் முதுகில் ஒன்று வைத்தாள். அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அவள் கையைப் பிடித்து, “தப்புதாம்மா, மன்னிச்சுக்கோ” என்றேன்.

“அட, வுடுங்க டீச்சர். ஜூலையில இவன் பாஸாயிடுவான். அப்ப மூணு பேருக்கு மூணு பேரு. நூறுதானே?”

துணைத் தேர்வில் தேறுகிறவர்களுக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

“நூறுதான்” என்றேன்.